அடுப்பு ஏற்றாமல் வெந்த மீன்

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் ஞாயிறு காலை வாங்கிவந்த பன்னா மீனை முள் நீக்கி, தோல் உரித்து, விரல் நுனி அளவுத் துண்டுகளாக்கி ஒரு தட்டில் பரப்பினேன். லேசான இளஞ்சிவப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் சதை. ஒரு சிட்டிகை உப்பு தூவி, நான்கு எலுமிச்சம்பழத்தின் சாற்றை ஊற்றினேன். எங்கள் ஆழ்வார்பேட்டை வீட்டு அடுப்படியில் அன்றைக்கு இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு நிமிடத்தில் துண்டுகளின் ஓரம் வெளுத்தது. ஐந்து நிமிடத்தில் மேற்பரப்பு முழுக்கப் பால் நிறம். கால் மணி கழித்து ஒரு துண்டைக் கத்தியால் பிளந்தேன். வெளியே வெள்ளை வளையம், நடுவில் இன்னும் மாறாத பச்சைச் சதை. வெளுத்த பகுதியைத் தொட்டால், குழம்பில் கொதித்த மீனைத் தொட்டதுபோலவே இருந்தது.

இதைச் செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது நியூ ஜெர்சியில். தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னை பேட்டர்சன் என்ற ஊருக்குக் காரில் அழைத்துப்போனாள். ஒரு காலத்தில் பட்டு ஆலைகளால் பெயர்பெற்ற ஊர் அது. இன்று அமெரிக்காவில் பெரு நாட்டு மக்கள் நிறைந்து வாழும் இடங்களில் ஒன்று. ஊரின் ஒரு பகுதிக்கு 2016-இல் ‘பெரு சதுக்கம்’ என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாங்கள் நுழைந்த கடையில் எட்டு மேசைகள்தான். அம்மா சமைக்கிறார், மகன் பரிமாறுகிறான், அப்பா கல்லாவில். மூலை மேசையில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் குடும்பமாக நடத்தும் மெஸ் ஒன்றுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது எனக்கு.

செவிச்சே வந்தது. பெருவின் தேசிய உணவு அது. ஜூன் 28-ஐ அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதைச் செய்யும் பழக்கமும் பண்பாடும் 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தன. தட்டின் நடுவே மீன், மேலே இழை இழையாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி. ஒரு ஓரத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மறு ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் பெருத்த மக்காச்சோள மணிகள். நான் தயங்குவதைப் பார்த்து அவள் சொன்னாள்: “பச்சை மீன் இல்ல பெரியம்மா, எலுமிச்சை வேகவெச்சிருக்கு. சாப்பிட்டுப் பாருங்க.”

எலுமிச்சை வேகவைக்குமா? பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

மீன் சதை பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரதங்கள்தான் தசையின் முக்கிய இழைகள். ஒவ்வொரு புரதமும் தனக்கென்று ஒரு மடிப்புடன் நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கிறது. அந்த மடிப்பைப் பிடித்துவைத்திருப்பவை மெலிதான பிணைப்புகள். சூடு ஏறினால் அவை அறுந்துபோகும். மயோசின் 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அவிழத் தொடங்கும். ஆக்டினுக்கு 70 டிகிரியை நெருங்க வேண்டும். அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, வலைபோல இறுகுகின்றன. மீன் வெந்துவிட்டது என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான்.

அமிலம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. மீன் சதையின் பி.எச். அளவு 6.5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாற்றினுடையது 2-க்குச் சற்று மேல். சாற்றிலிருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் புரதத்தின் மேலுள்ள மின்னூட்டங்களை மாற்றிவிடுகின்றன. மடிப்பைக் காத்த பிணைப்புகள் குலைகின்றன, நூல்கண்டு அவிழ்கிறது, இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் அது திரிந்து பன்னீராவதைப் பார்க்காதவர் யார்? பாலின் கேசீன் புரதம் பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கட்டியாகிறது. மயோசினுக்கு அந்த எல்லை 5.4 அளவில். மீனை எலுமிச்சையில் போடுவது ஒருவகையில் மீனைத் திரியவைப்பதுதான்.

நிறம் ஏன் மாறுகிறது? ஒழுங்காக அடுக்கிய இழைகளுக்குள் ஒளி புகுந்து போக முடியும். அதனால் பச்சை மீன் கண்ணாடிபோலத் தெரிகிறது. இழைகள் கலைந்து திரளும்போது ஒளி எல்லாத் திசையிலும் சிதறிவிடுகிறது. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெள்ளை. முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் வெளுப்பதற்கும் இதுதான் காரணம்.

என் தட்டில் வெளியே வெள்ளையும் உள்ளே பச்சையுமாக இருந்ததற்கு அமிலம் ஊடுருவும் வேகமே காரணம். சாறு சதைக்குள் பரவப் பிடிக்கும் நேரம் ஆழத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். துண்டு இருமடங்கு பருத்தால் நேரம் நான்கு மடங்காகும். அதனால்தான் செவிச்சேயில் துண்டின் அளவு இவ்வளவு முக்கியம். உப்பை முதலில் போடுவதற்கும் காரணம் உண்டு. மயோசின் உப்புநீரில் கரையும் புரதம். உப்பு பட்டதும் அதில் கொஞ்சம் மேற்பரப்பில் கரைந்து பிசுபிசுப்பைத் தருகிறது. பழத்தைக் கடைசிச் சொட்டு வரை பிழியக் கூடாது என்பது பெரு நாட்டுச் சமையற்காரர்களின் கண்டிப்பு. தோலின் கசப்பு இறங்கிவிடும். எலுமிச்சைச் சாதத்துக்குச் சாறு பிழியும்போது என் அம்மாவும் இதையே சொல்வார்.

முன்பெல்லாம் செவிச்சேயை மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள்; மீன் நடுவரை வெளுத்து, சற்று உலர்ந்துபோய்க் கிடைத்தது. இன்று சில நிமிடங்கள்தான். இந்த மாற்றத்தில் பெருவின் ஜப்பானிய வம்சாவளிச் சமையற்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1899-இல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் காயாவோ துறைமுகத்தில் இறங்கினார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் நெட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் போன கதையின் இன்னொரு கிளை அது. தோட்டத்தை விட்டு லிமா நகரத்துக்கு வந்த அவர்களின் பிள்ளைகள் சிறு உணவுக்கடைகள் வைத்தார்கள். பச்சை மீனை மதிக்கத் தெரிந்த கைகள் எலுமிச்சையின் நேரத்தைக் குறைத்துவிட்டன. சீனர்கள் அதற்கும் முன்பே, 1849 முதல் வந்தவர்கள். லிமாவில் சீன வம்சாவளியினரான ஹாவியேர் வோங் தன் வீட்டிலேயே உணவகம் நடத்திப் புகழ்பெற்றார். அங்கே விலைப்பட்டியல் அட்டையே கிடையாது. மீன் என்றால் லெங்குவாதோ மட்டும். அது தட்டையான ஒரு மீன். ‘நாக்கு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் மீனவர்களும் தட்டை மீன் ஒன்றை நாக்கு மீன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே விரும்பப்படும் இன்னொரு மீனான கொர்வீனா, நம் பன்னாவும் கத்தாழையும் சேர்ந்த அதே குடும்பம். பட்டினப்பாக்கத்தில் நான் பன்னாவைக் கேட்டு வாங்கியது அதற்காகத்தான்.

பேட்டர்சன் கடையில் மீனைத் தின்று முடித்ததும் தட்டின் அடியில் பால்போல ஒரு சாறு தேங்கியிருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தங்கை மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. புலிப்பால்! பந்தள ராணியின் தலைவலிக்கு மருந்தென்று மணிகண்டன் காட்டுக்குப் போய்க் கொண்டுவந்த புலிப்பாலைக் கேட்டு வளர்ந்தவள் நான். கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவே சரணம் சொல்லும். இவர்களுடைய புலிப்பால் எலுமிச்சைச் சாறு, மீனிலிருந்து இறங்கிய நீர், வெங்காயம், மிளகாய், இஞ்சி, உப்பு எல்லாம் கலந்தது. வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதில் கரைந்து திரண்ட மீன் புரதத் துகள்கள். பசும்பாலை வெண்மையாக்கும் அதே ஒளிச் சிதறல். சிறு கண்ணாடிக் குவளையில் தனியாகவும் தருகிறார்கள். குடித்தால் காது மடல் வரை சூடேறுகிறது.

நெருப்பு செய்வதை எல்லாம் எலுமிச்சை செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சூடு கிருமிகளையும் புழுக்களையும் கொல்லும். அமிலம் சில கிருமிகளைக் குறைக்கும். மீன் சதைக்குள் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்ற புழுவை நம்பகமாகக் கொல்லாது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அந்தக் குளிரை எட்டுவது அரிது. 1991-இல் பெருவில் காலரா பரவி அந்த ஓராண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது பழி முதலில் செவிச்சே மேல்தான் விழுந்தது. எலுமிச்சைச் சாறு காலராக் கிருமியைக் கொல்ல வல்லது என்று பின்னர் ஆய்வகங்களில் தெரிந்தது. நோய் பரவியதில் கெட்ட குடிநீரின் பங்கு மிகப் பெரிது. இருந்தாலும் சென்னை வெயிலில் வாங்கிய மீனை வீட்டில் இப்படிச் செய்து பச்சையாகச் சாப்பிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இறாலைக் கொதிநீரில் வேகவைத்து எடுத்து, பிறகு எலுமிச்சையில் போடலாம். சைவக்காரர்களுக்கும் வழி உண்டு. பெருவிலேயே காளான் செவிச்சே இருக்கிறது. மலைநகரமான உவாராஸில் தார்வி என்ற பயற்றில் செய்கிறார்கள்.

பெருவின் எலுமிச்சை நம் எலுமிச்சையேதான். அதே சிறிய, மெல்லிய தோல் பழம். ஆசியாவில் தோன்றி, ஸ்பானியர்களோடு கப்பலேறி அங்கே போனது. வடக்கே தம்போகிராந்தே என்ற ஊர் அந்தப் பழத்தால் வாழ்கிறது. அங்கே சுரங்கம் தோண்ட ஒரு கனடா நிறுவனம் வந்தபோது, எலுமிச்சை இல்லையென்றால் செவிச்சே இல்லை என்று விவசாயிகள் எழுந்தார்கள். 2002 ஜூனில் ஊரே வாக்களித்துச் சுரங்கம் வேண்டாம் என்றது. சுரங்கம் வரவில்லை.

எதிர்த்திசையில் நமக்கு வந்தவை அதைவிட அதிகம். உருளைக்கிழங்கு டிடிகாகா ஏரியைச் சுற்றிய மலைகளில் மனிதர் பயிராக்கியது. லிமாவில் 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான நாட்டு வகைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வேர்க்கடலையும் தென் அமெரிக்கச் செடி. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் அதை மணிலாக்கொட்டை என்பார்கள். பசிபிக் கடலைத் தாண்டி மணிலா வழியாக வந்த பயணம் அந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது. பெருவின் அரெகிபா நகரத்தில் ‘பிக்காந்தெரியா’ எனப்படும் சிறு உணவகங்கள் உண்டு. காரம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் கடைகள். 2014-இல் நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டவை. அங்கே மிளகாயும் வேர்க்கடலையும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அரைத்து, வெந்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தருவார்கள். அரைப்பது படான் என்ற கல்லில். அகலமான தட்டைக் கல்லும், அதன்மேல் பிறை வடிவில் ஒரு கல்லும். நம் அம்மியில் குழவி முன்னும் பின்னும் ஓடும்; அவர்களுடைய கல்லை இரு கையாலும் பிடித்துத் தொட்டில்போல இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டுகிறார்கள். மிக்சியின் கத்தி வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. நசுங்கும்போது மிளகாயின் எண்ணெயும் மணமும் வெளியே வரும் விதமே வேறு.

என் சோதனைத் தட்டிலிருந்த பன்னா மதியம் குழம்புக்குப் போனது. கவனித்தேன், கொதியில் துண்டுகள் உடையவில்லை, கவிச்சியும் இல்லை. மீன் வாடைக்குக் காரணம் அமீன் என்ற வகைச் சேர்மங்கள். அமிலத்தோடு சேர்ந்தால் அவை ஆவியாகாத உப்பாகி, மூக்குக்கு எட்டாமல் போய்விடுகின்றன. மீனை எலுமிச்சையோ புளியோ போட்டுப் பிசறிக் கழுவும்போது அம்மா செய்தது இதைத்தான்.