தீயில் நிற்குமா சாம்பல் கான்கிரீட்?

2018 பிப்ரவரி 2 இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல்தூண்கள் வெடித்தன, கூரையில் ஒரு பகுதி சரிந்தது. கல் எரியாது என்பது சரி. சூடு தாங்கும் என்பதுதான் தப்பு. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும். நம் கான்கிரீட்டிலும் எடையில் முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தானே?

அவற்றைப் பிடித்திருக்கும் சிமென்ட் இன்னும் முன்னதாகவே தளரும். தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு இறுகிய பொருள் அது. 100 டிகிரி தாண்டினால் அந்த நீர் கழலத் தொடங்கும். வழி கிடைக்காத நீராவி சில சமயம் கான்கிரீட்டைச் சில்லுசில்லாகத் தெறிக்க வைக்கும். 400, 500 டிகிரியில் உள்ளிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு சுட்ட சுண்ணாம்பாகிறது. தீ அணைந்தபின் ஈரம் பட்டால், காளவாசல் சுண்ணாம்புக் கல் போலப் பொங்கி விரிசல் விடும். தீயில் தப்பிய தூண் பிறகு கெடுவது இதனால்தான்.

சிமென்ட்டுக்கு மாற்று, அனல்மின் நிலையச் சாம்பலில் இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. அங்கே கிடைக்கும் உலர் சாம்பல் போன்றதுதான் பிபிசி (PPC) சிமென்ட் மூட்டையிலும் சாம்பல் கல்லிலும் கலந்திருக்கிறது. ஜியோபாலிமர் எனும் சாம்பல் கான்கிரீட்டிலோ சிமென்ட்டே கிடையாது. காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் சேர்ந்த கரைசலில் சாம்பலின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, வலைப்பின்னலாகக் கோத்து இறுகும். 1970களில் பிரான்ஸின் ஜோசப் டேவிடோவிட்ஸ் இதில் இறங்கியதே தீ விபத்துகளைப் பார்த்து, எரியாத பொருள் தேடித்தான்.

இதில் பொங்குவதற்குச் சுண்ணாம்பு இல்லை. நீரும் பெரும்பாலும் துளைகளில்தான் நிற்கிறது, சுட்டால் வெளியேறிவிடும். 800 டிகிரி வாக்கில், வினைபுரியாத சாம்பல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜல்லியைப் பிடித்திருக்கும் பசை முன்னைவிட வலுப்பதும் உண்டு. ஒரு சிக்கல்: வெறும் சாம்பல் வேகமாக இறுக வழக்கமாக 60 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அதற்காக இரும்பு ஊதுலைக் கசடைச் சேர்த்தால் நம்மூர் வெயிலிலேயே இறுகிவிடும்; ஆனால் கசடோடு கால்சியமும் வருகிறது, தீ தாங்கும் திறன் குறைகிறது.

ஆய்வகத்தில் சின்னப் பசைக்கட்டியைச் சுட்டு எடுத்த எண்ணை வைத்து உத்தரத்தை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சூட்டில் பசை சுருங்கும், ஜல்லி விரியும்; இரண்டும் சேரும் இடத்தில் பிளவு விழும். அந்த 573 டிகிரிக் கணக்கு இங்கேயும் செல்லும். ஜல்லியைக் குவார்ட்ஸ் குறைந்த கல்லாக மாற்றாமல், பசையை மட்டும் மாற்றினால் பாதி லாபம்தான்.

2020இல் வந்த இந்தியத் தர நெறிமுறை இவ்வகைக் கான்கிரீட்டை ஆலையில் வார்க்கும் பொருட்களுக்குத்தான் பேசுகிறது. காஸ்டிக் சோடாக் கரைசலைக் கையுறை, கண்ணாடி இல்லாமல் கொத்தனார் கலக்கும் நிலைக்கு இது வரக்கூடாது, தோலைப் பொசுக்கிவிடும்.