ஜல்லி போட்டால் நீர் வடியுமா?

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மஞ்சள் பயிரிடுபவர்களிடம் கேட்டால், வயலில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பார்கள். அதனால்தான் மேட்டுப்பாத்தி. இந்த விவரம் மாடித் தொட்டிக்கு மட்டும் வந்து சேரவில்லை. அங்கே தக்காளிச் செடி வாடினால் இன்னொரு சொம்பு நீர் ஊற்றுகிறோம். ஊறிய மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகினாலும் செடி அப்படித்தான் வாடும்.

தொட்டியடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் நீர் சீக்கிரம் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை வேறு. நுண்ணிய மண் பிடித்து வைத்திருக்கும் நீர், பெரிய இடுக்குள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்த பிறகுதான் சொட்டும். ஆகவே ஜல்லி அடுக்கு ஈரப்பட்டையை மேலே ஏற்றிவிடுகிறது. வேருக்கான இடம் குறைகிறது.

நனைந்த பஞ்சைப் படுக்க வைத்தால் சொட்டுவது நின்றுவிடும். நிமிர்த்தினால் மறுபடி சொட்டும். தொட்டி மண்ணும் அப்படியே. ஒரே கலவையென்றால், தொட்டி ஆழமோ ஆழமில்லையோ, அடியில் நிற்கும் ஈரப்பட்டையின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆழம் கூடினால் காற்றோட்டமுள்ள பகுதி கூடும். மேட்டுப்பாத்தியின் சூட்சுமமும் உயரம்தான்.

என்ன செய்யலாம்?

* கீரைக்கு அரையடி ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓரடியாவது வேண்டும்.
* தனிச் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலக்கலாம். நார்க்கழிவில் உப்பிருக்கும், இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள்.
* துளையில் மண் கசியாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.
* தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். தரையோடு ஒட்டினால் துளை அடைபடும், தளமும் ஊறும்.
* நார்க்கழிவு மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.
* மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை விடும். பிளாஸ்டிக் தொட்டிக்கும் பைக்கும் துளை மட்டுமே வழி. அவற்றுக்கு நீரைக் குறையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணை நன்கு நனைத்துவிட்டு, மேலும் ஒரு சொம்பு நீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் அடியில் சொட்டாவிட்டால், துளையைக் குச்சியால் குத்திவிட வேண்டும் அல்லது மண்ணை மாற்ற வேண்டும்.