சாண்டலில் சந்தனம் உண்டா?

"அம்மா, என் செருப்பு எங்கே?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. கூடம் நிறைய விருந்தாளிகள். "செருப்பு என்று சொல்லாதே! 'சாண்டல்ஸ்' என்று அழகாகச் சொல்லு" என்று தாயார் கண்டித்தாள். குழந்தை விடுமா? "சாண்டல் சோப்பில் இருக்கிறதே, அந்தச் சாண்டலா? சந்தனத்திலே செய்ததா, அம்மா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பதில் சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை!

உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உண்மையில் இந்த இரண்டு சாண்டலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. சோப்பில் மணக்கும் சாண்டல் நம் நாட்டுச் சொல். 'சந்தன' என்ற வடமொழிப் பெயர்தான் சரக்கோடு மேற்கே போய், கிரேக்கர், அராபியர் நாவில் உருமாறி, லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. காலில் மாட்டும் சாண்டலோ கிரேக்கர்களின் 'சாண்டலோன்'. லத்தீனில் 'சாண்டாலியம்' ஆகி, ஆங்கிலத்தில் குடியேறி 600 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. கிரேக்கர்களே அதைக் கீழ்த்திசை மொழி ஒன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். பாதத்தின் கீழே ஓர் அட்டை, அதைக் காலோடு பிணைக்க வார்கள், அவ்வளவுதான் பொருள்.

பெயரைவிடப் பொருள் மிகப் பழசு. 1938-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்துக் குகை ஒன்றில், செடியின் பட்டையை முறுக்கிப் பின்னிய காலணிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 10,000 ஆண்டுகள்! எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த ஒரு ஜோடியிலோ, பாதம் படும் இடத்தில் பகைவர்களின் உருவங்கள். நடக்கும்போதெல்லாம் எதிரியை மிதிக்கலாம் அல்லவா?

சரி, நம் 'செருப்பு' மட்டும் என்ன மட்டம்? அது புறநானூற்றிலேயே இருக்கிறது. பகைவருக்கு ஒரு வீரன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வந்த புலவர், செருப்புக்குள் புகுந்துகொண்ட சிறு பரற்கல்லைப் போன்றவன் என்கிறார். வீரனைப் புகழ உதவிய அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் வசைச் சொல்லாக்கியது நாம்தான். செருப்புத் தைத்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். சிலர் செருப்பணிந்து தெருவில் நடக்கவே கூடாதென்று தடுத்தோம். குற்றம் நம்முடையது, பழி சொல்லின் தலையில்!

'சாண்டல்ஸ்' என்று சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் குழந்தை 'செருப்பு' என்றால் மட்டும் கண்டிக்காதீர்கள், சகோதரிகளே. சந்தன மணம் அந்தச் சாண்டலிலும் இல்லை!