குடலோடு ஓர் உடன்பாடு

விடுதி உணவுக்கூடத்தில் எல்லோரும் ராஜ்மாவும் சோறும் சுவைத்திருக்க, ஒருவன் மட்டும் தயிர்ச்சோற்றுடன் ஒதுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "தில்லிக்கு வந்தும் ஊர்ச் சோற்றை விடவில்லையே!" என்று நகைத்தும் இருப்பீர்கள். அவன் நான்தான். காரணம் ஊர்ப்பற்று அன்று, குரோன் நோய்.

1932-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூன்று மருத்துவர்கள் இந்நோயை விளக்கி எழுதினர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே இதில் குடற்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. வாய்முதல் எருவாய்வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதி. வயிற்றுவலி, பேதி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியன இதன் அடையாளங்கள். குடற்காசநோயும் ஏறத்தாழ இவ்வாறே தோன்றுமாதலால், நம் நாட்டில் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்க்கே கடினம். குரோன் தொற்றுநோய் அன்று. என் அருகே அமர அஞ்ச வேண்டா.

பத்தியத்தால் மட்டும் இதை வெல்லலாமா? வெல்லலாம் என்றே நானும் எண்ணினேன். இரண்டு திங்கள் நலமாயிருந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் திங்களில் நோய் திரும்பியது. ஒரு பருவத் தேர்வையே இழந்தேன். உணவு மருந்துக்குத் துணை, மாற்று அன்று. இதுவே நான் விலைகொடுத்துக் கற்ற பாடம்.

எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே பத்தியம் இல்லை. ஆகவே உண்டதையும் உற்ற தொல்லையையும் நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். என் குடலில் ஓரிடம் சுருங்கியிருப்பதால் பச்சைக் காய்கறி, தோலுடைய பயறு, மக்காச்சோளம் இவற்றை விலக்குகிறேன். குழைந்த சோறு, பாசிப்பருப்பு, தோல் நீக்கிய சுரைக்காய், முட்டை, தயிர் ஆகியவை ஒத்துக்கொள்கின்றன. சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்கிறேன். பி12 உயிர்ச்சத்தை உறிஞ்சும் பகுதியே பழுதுற்றதால் அதை ஊசியாகப் பெறுகிறேன். புகைத்தல் இந்நோயை முற்றச் செய்யும். அதன் பக்கமே போவதில்லை.

மாலையில் அரைமணி நேரம் நடக்கிறேன். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் மிதமான நடை சோர்வைக் குறைக்கும். ஸ்டீராய்டு மருந்தால் நலியும் எலும்புக்கும் நல்லது. நோய் சீறும் நாளிலோ ஓய்வே ஏற்றது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அது பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. ஆயினும் முடிவில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகிய நான்கையும் சேர்த்தே வள்ளுவர் மருந்தென்கிறார். வீட்டில் அந்த நான்காமவர் என் தாய், இங்கே நீங்கள்தாம். வகுப்பின் நடுவே நான் எழுந்து ஓடினால் நகையாதீர்கள். பாடக் குறிப்பை எனக்கும் சேர்த்து எழுதி வையுங்கள். பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதீர்கள். உங்களில் எவர்க்கேனும் வாரக்கணக்கில் வலியும் பேதியும் நீடித்தால், வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமாயின் என்னை அழையுங்கள், வருகிறேன்.