வம்சாவளியில் விடுபட்ட பெயர்

யாழ்ப்பாணத் தமிழர் இல்லங்களிற் பெரியோர் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளன்று நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு உற்றார்க்கு வழங்குதல் நெடுநாள் வழக்கம். ‘கல்வெட்டு’ என்றும் அதனைக் கூறுவர். மறைந்தவரின் திதியைக் கூறும் வெண்பாவும் திருமுறைப் பாடல்களும் அதில் இடம்பெறும். அவற்றோடு குடும்பத்தின் வம்சாவளியும் இருக்கும். பலர் அம்மலரை ஒருமுறை புரட்டிவிட்டு அலுமாரியில் வைத்துவிடுவர். ஆயின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர்க்கு அவ்வம்சாவளிப் பக்கம் பெருஞ் செல்வமாகும்.

எமது அநுபவம் ஒன்றை ஈண்டு கூறுவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது, நாமும் பள்ளி மாணவராய்ப் பெற்றோருடன் புறப்பட்டோம். வீட்டிலே விட்டுச் சென்ற றங்குப் பெட்டியிலிருந்த உறுதிகள், சாதகங்கள், நிழற்படங்கள் யாவும் அழிந்தன. பெரிய தகப்பனார் கையோடு கொண்டு வந்த பாட்டனாரின் நினைவு மலர் ஒன்றே எஞ்சியது. அதிலுள்ள வம்சாவளியில், பாட்டனாரின் தமக்கையார் பெயருக்குக் கீழே ‘சந்ததி இல்லை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அச்சில் வந்ததை நாமும் ஐயுறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பக்கத்தைப் படமெடுத்து, நம்மூர்க் குடும்பங்களை ஆராய்வோர் காணுமாறு இணையத்தில் இட்டோம். சில மாதங்கள் கழித்து மலேசியாவின் கிள்ளான் நகரிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் எழுதினார்: “தம்பி, சந்ததி இல்லை என்று நீங்கள் போட்டிருக்கிறவதான் என்னுடைய அம்மம்மா.”

கடிதத்தோடு 1921 ஆம் ஆண்டுச் சீதன உறுதியொன்றின் படமும் வந்தது. அதிலே எம் பூட்டன், பூட்டியின் பெயர்கள் இருந்தன; காணியின் பெயரும் எமது வீட்டுக் காணியின் பெயரே. மணமான பின் அத்தமக்கையார், மலாயாப் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த கணவருடன் கப்பலேறியிருக்கிறார். அங்கே அவருக்குப் பெண் மக்கள் இருவர் பிறந்தனர். முறையைக் கணக்கிட்டுப் பார்த்தால், எழுதிய அம்மையார் எமக்கு அக்கா ஆவார்.

தவறு எவ்வாறு நேர்ந்தது? 1942 முதல் 1945 வரை மலாயா யப்பானியர் வசமிருந்த காலத்தில் கடிதப் போக்குவரத்து அறுந்தது. பின்னர் அது துளிர்க்கவில்லை. ‘அவரைப் பற்றிச் செய்தி இல்லை’ என்று முதியோர் சொல்லி வந்தது, மலர் அச்சேறிய காலத்தில் ‘சந்ததி இல்லை’ என்றாயிற்று. ஒரு சொல்லின் பிழையால் ஒரு பெண்ணின் வழி முழுவதும் மறைந்துபோனது!

நமது பெயர் வழக்கமும் இத்தகைய மறைவுக்குத் துணை செய்கின்றது. நமக்குக் குடும்பப் பெயர் என்பதில்லை; தந்தையின் பெயரே முன்னிற்கும். வேலுப்பிள்ளை கந்தையாவின் மகன் கந்தையா சிவசம்பு ஆவான். பெண்ணோ மணமானதும் கணவன் பெயரை ஏற்கின்றாள். இரண்டு தலைமுறைக்குள் அவள் பிறந்த வீட்டின் சுவடே ஏடுகளில் இராது. ஆயினும் சீதன உறுதியில் அவள் பெயர் பெற்றோர் பெயருடன் நிலைத்து நிற்கும். ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டு சட்டமாக்கிய தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகக் கொண்டதே இதற்குக் காரணம்.

தனித்து ஆராய்வோன் தன் வீட்டுப் பெட்டியில் உள்ளதையே காண்பான். எம்மிடம் மலர் இருந்தது. அக்காவிடம் உறுதி இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த பின்னரே உண்மை தெரிந்தது. இலங்கைப் பறங்கியர் இதனை முன்னரே உணர்ந்தனர். அவர்தம் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 முதல் வெளியிட்ட சஞ்சிகையிற் பல குடும்பங்களின் வம்சாவளிகள் அச்சேறின. நம்மவர்க்கும் இன்று வழியுண்டு. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் பல எவரும் படிக்கத்தக்கவாறு சேர்க்கப்பட்டுள்ளன.

இம்முயற்சியில் இறங்கும் மாணவர்க்குச் சில சொற்கள். கேட்டதையும் ஏட்டிற் கண்டதையும் வேறுவேறாகக் குறித்து, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதுங்கள். தெரியாத இடத்திற் கேள்விக்குறி இடுங்கள். ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். உயிரோடிருப்போரின் பிறந்த திகதி, முகவரி முதலியவற்றை அவர்தம் இசைவின்றி வெளியிடாதீர்கள். பிறர் திருத்தினால் நன்றி கூறி ஏற்று, திருத்தியவர் பெயரையும் அருகே குறியுங்கள். குலப்பெருமை பேசுவதற்காக ஆராயப் புகுந்தவன் தனக்கு ஒவ்வாத உண்மையை மறைப்பான். அவன் தொகுப்பால் எவர்க்கும் பயனில்லை.

அக்கா சென்ற வருடம் ஊருக்கு வந்தார். அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணியைக் காட்டினோம். வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அதன் கட்டிலே நெடுநேரம் அமர்ந்திருந்தார். அன்றிரவு மலரில் ‘சந்ததி இல்லை’ என்ற சொற்களைக் கோடிட்டு வெட்டி, பெண் மக்கள் இருவரின் பெயரையும் அவரைக் கொண்டே எழுதுவித்தோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலுள்ள மலரையும் எடுத்துப் பாருங்கள். ‘சந்ததி இல்லை’ என்றோ, ‘விபரம் தெரியாது’ என்றோ எவர் பெயரின் கீழேனும் இருந்தால், அவரைப் பற்றி முதியோரிடம் இன்றே கேட்டு எழுதி, அயலூர் உறவினர்க்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.