எடையைக் கோடாகப் பாருங்கள்!

எங்கள் ஆவுடையார்கோவிலில் அங்கன்வாடியிலிருந்து திரும்பும் இளம் தாய்மார்களைக் கேட்டால், "ஏழு கிலோ முந்நூறு அக்கா, நல்லாத்தான் இருக்கா" என்பார்கள். ஒற்றை எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியுமா?

ஆறாம் மாதம் 7.2 கிலோ, ஏழில் 7.3, எட்டிலும் 7.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தால் குறையே தெரியாது. அதையே வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்தால், அச்சிட்ட கோடு மேலே ஏற, நம் குழந்தையின் கோடு படுத்துவிடும்! பச்சைப் பகுதிக்குள் இருந்தாலும் அது எச்சரிக்கைதான்.

நைஜீரியாவில் பணியாற்றிய ஆங்கிலேய டாக்டர் டேவிட் மார்லி பரப்பிய முறை இது. இப்போதைய அட்டை, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளின்படி அமைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி.

கம்ப்யூட்டரில் எக்ஸலில் எழுதி வைக்கிறீர்களா? கோட்டுப் படமே போதும். கீழே வயது மாதக் கணக்கில், இடப்பக்கம் கிலோ. எடை பார்க்காத மாதத்தில் சைபர் போடாதீர்கள்; கோடு பாதாளத்துக்குப் போய்விடும். காலியாக விடுங்கள்.

கோடு படுத்தாலோ இறங்கினாலோ, "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சாப்பாடு போதவில்லையா, வயிற்றுப்போக்கா என்று அவர் கண்டுபிடிக்க, அந்தக் கோடே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.