படம் ஓடியது, நாங்களும் ஓடினோம்!

வெண்திரையில் தோன்றும் நட்சத்திரங்களை நாடே அறியும். ஆனால், அத்திரைக்கு எதிரே சிறியதோர் அறையில் வியர்வை வழிய நின்று, அவர்களை ஆடவும் பாடவும் வைத்தவர்களை அறிந்தார் எத்தனை பேர்? அறுபதுகளில் யாழ்ப்பாணத்துப் படமாளிகை ஒன்றிலே உதவியாளனாயிருந்த எனக்கு அவ்வறையே பள்ளிக்கூடம்.

அங்கே இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றினுள்ளும் இரு காபன் குச்சிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து ஒளி எழும். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். சற்றே கண்ணயர்ந்தால், கதாநாயகியின் முகம் கிரகணம் பிடித்த சந்திரனாகிவிடும்! உடனே கலரியிலிருந்து சீழ்க்கை கிளம்பும். எங்கள் ஒப்பரேற்றர் அண்ணரின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும்.

2000 அடிச் சுருளொன்று ஏறத்தாழ 22 நிமிடங்களில் ஓடி முடியும். முடியுமுன் திரையின் வலது மேல்மூலையில் சிறு புள்ளி இருமுறை மின்னும். முதற்புள்ளிக்கு அடுத்த இயந்திரத்தை ஓடவிடவேண்டும். இரண்டாவதற்கு ஒளியை மாற்றவேண்டும். இடையே ஏறத்தாழ 7 விநாடிகள்தாம். "தும்மல் வந்தாலும் புள்ளி போனபிறகுதான் தும்மவேணும்" என்பது அண்ணரின் உபதேசம்.

சில நாட்களில் ஒரே பிரதி இரு படமாளிகைகளில் ஓடும். அங்கே முடிந்த சுருளைப் பையன் ஒருவன் சைக்கிளில் இங்கே கொண்டுவருவான். 1961இல் வெளிவந்த 'பாசமலர்' ஓடிய காலத்தில், ஒருநாள் கடைசிச் சுருளைக் காணவில்லை! தாய்மார் கண்ணீரைப் பாதியில் நிறுத்திக் காத்திருந்தனர். சவர்க்கார விளம்பரத்தை மூன்றாம் முறையும் காட்டியபோது கலரியில் ஒரு குரல்: "தம்பி, சவர்க்காரம் கரைஞ்சு போச்சுது, படத்தைப் போடு!"

மண்டபமே சிரித்தது, மனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சனம் காசைத் திருப்பிக் கேட்டால் பையனுக்கு இன்றோடு வேலையில்லை என்றார். தந்தையற்ற அவன் வீட்டில் அடுப்பெரிந்ததோ அச்சம்பளத்தில். அண்ணர் ஒன்றும் பேசவில்லை. ஓடி முடிந்த சுருளொன்றை மளமளவென்று திருப்பிச் சுற்றி, அதிலிருந்த பாடலை மீண்டும் ஓடவிட்டார். கலரி சேர்ந்து பாடியது. பாட்டு முடியவும், காற்றுப்போன சைக்கிளைத் தள்ளியபடி பையன் வந்து சேரவும் சரியாயிருந்தது. கதாநாயகனுக்கும் கிடைக்காத கைதட்டல் அவனுக்குக் கிடைத்தது. காசை எவரும் கேட்கவில்லை; வேலையும் பிழைத்தது.

இன்று படம் கணினிக் கோப்பாக வருகின்றது. குச்சியுமில்லை, புள்ளியுமில்லை, இயக்குபவர் தாராளமாகத் தும்மலாம். நட்டம் இரசிகருக்கே: படம் நின்றால், பெயர் சொல்லி ஏச ஓர் அண்ணர் இல்லை!